ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் ஏ.டி.வி.: குமரி மாவட்டத்து ஈரத்திலும் உப்பிலும் கோளாறைத் தேடும் முறை

முட்டம் பக்கம் கடற்கரையில் ஏ.டி.வி. (மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நாலு சக்கரத் திறந்த வண்டி) வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற மழைக்காலத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, செல்ஃப் அடிச்சா ஒரு சத்தமும் இல்ல. கார்புரேட்டரை ரெண்டு தடவ கழத்திச் சுத்தம் பண்ணியாச்சு" என்றார். "பிரேக்கைப் பிடிச்சா பின்னால லைட் எரியுதா தம்பி?" என்று கேட்டேன். எரியவில்லை. அவருடைய வண்டியில் பிரேக் லிவருக்கு அடியில் உள்ள சிறு சுவிட்ச் வழியாகத்தான் செல்ஃப் மோட்டாரை (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மின்மோட்டார்) இயக்கும் ரிலேவுக்கு மின்சாரம் போகிறது. உப்புக்காற்றில் அந்தச் சுவிட்சின் தகடு கறுத்துப்போயிருந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்ததும் வண்டி உயிர்பெற்றது. செல்ஃபே சுற்றாத வண்டியில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதை அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

குலசேகரம் அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் கேன்களை இழுக்க ஒரு 125 சி.சி. வண்டி சில ஆண்டுகளாக ஓடுகிறது. அதைப் பழுது பார்த்துப் பழகிய கையோடு நண்பர்களின் வண்டிகளையும் பார்த்து வருகிறேன். வடக்கே மலையடிவாரத்து ஈரம், தெற்கே கடலோரத்து உப்பு, ஆண்டுக்கு இரண்டு பருவமழை என்றிருக்கும் நம் மாவட்டத்தில், ஸ்டார்ட் ஆகாத வண்டிகளின் கோளாறு பெரும்பாலும் மின் இணைப்பிலும் பெட்ரோலில் கலந்த தண்ணீரிலும்தான் இருக்கக் கண்டிருக்கிறேன். ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே எழுதுவது முக்கியமாக 110 முதல் 150 சி.சி. வரையிலான, காற்றால் குளிரும், கார்புரேட்டர் வைத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு உரியது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள பெரிய வண்டிகளுக்கு மாறுபடும் செய்திகளைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு டப்பா கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, சுத்தமான துணி, வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்று ஆகியவை போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நகர்ந்து, பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பைக்கூட எட்டிவிடும். எனவே வேலையைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும், பீடி பிடிப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

முதல் படி: கோளாறுக்குச் சரியான பெயர் வைத்தல்

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே சொற்றொடருக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் இன்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை என்பது இரண்டாவது. பிடிக்கிறது, ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடுகிறது என்பது மூன்றாவது. முதலாவது பேட்டரி, சுவிட்ச், ரிலே, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றோடு முடிந்துவிடும். இரண்டாவதற்குப் பிளக்கில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறியில் தொடங்கிப் பெட்ரோல் வரை பார்க்க வேண்டும். மூன்றாவதில் பொறி இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகிவிடுவதால், நேராகப் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் போகலாம்.

இதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது முரண்டு பிடிக்கிறதா, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் முரண்டு பிடிக்கிறதா? கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவே என்ன நடந்தது? மழையில் நின்றதா, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்களா, இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் தை, மாசியில் ஒரு மாதம் அசையாமல் கிடந்ததா? இந்தப் பதில்களைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஸ்பேனரை எடுக்கும் அவசரத்தில் இவற்றைக் கேட்க மறந்துபோகிறோம்.

இரண்டாம் படி: சுவிட்சுகள்

ஏ.டி.வி.யில் ஓட்டுநரின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருக்கும் சுவிட்சுகள் சாதாரண பைக்கைவிட அதிகம். சாவி, ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு நிறுத்தும் பொத்தான், பிரேக் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றோடு, சிறுவர் வண்டிகளில் பின்புறம் ஒரு கயிற்றுச் சுவிட்சும் இருக்கும். பின்னால் நடந்துவரும் பெரியவர் கயிற்றை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும் என்பது அதன் ஏற்பாடு. கிளை பட்டு அந்தச் செருகி பாதி கழன்று நின்றால், செல்ஃப் சுற்றும், ஆனால் பொறி வராது. ரிமோட் உள்ள வண்டியென்றால் ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக் சுவிட்சைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். பிரேக்கைப் பிடித்தால் பின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் முதலில் விளக்கின் பல்பைப் பாருங்கள், அது நன்றாக இருந்தால் சுவிட்சைப் பாருங்கள். வலது, இடது லிவர்களைத் தனித்தனியே பிடித்துப் பார்ப்பது நல்லது. கியர் வண்டிகளில் நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். நியூட்ரலில் இருப்பதாக நாம் நினைப்பதும் வண்டி நினைப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. வண்டியை முன்னும் பின்னும் அரையடி உருட்டினால் கியர் சரியாக விழும்.

மூன்றாம் படி: பேட்டரியும் எர்த்தும்

சாவி போடாமல் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு இருக்கிறது என்று கொள்ளலாம். 12.0 அல்லது அதற்குக் கீழே போனால் அது காலியான பேட்டரி. ஆனால் இந்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் உள்ளே தகடு கெட்ட பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டி நம்மை ஏமாற்றும். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்த வேண்டும். அப்போது எண் 10க்கு அருகில் நின்றால் பேட்டரி நல்லது; 9.5க்குக் கீழே சரிந்தால் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள், அதற்குப் பிறகும் சரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சார்ஜ் ஏற்றும்போது பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். காருக்கான சார்ஜரைப் போட்டு ஒரே மணி நேரத்தில் ஏற்றப் பார்த்தால் இந்தச் சின்ன பேட்டரி வீங்கிப்போகும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? நம் மாவட்டத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியின் நெகடிவை இன்ஜினோடும் சேஸிஸோடும் (வண்டியின் இரும்புச் சட்டம்) சேர்க்கும் எர்த் இணைப்பைத்தான். அதைச் சோதிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்பவர்கள் குறைவு. மல்டிமீட்டரை டி.சி. வோல்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனைமேலேயும், சிவப்பு முனையை இன்ஜினின் பெயிண்ட் இல்லாத வெற்று உலோகப் பகுதிமேலேயும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது இன்னொருவரைச் செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். எர்த் ஒயரும் போல்ட்டும் சுத்தமாக இருந்தால் மீட்டர் 0.2 வோல்ட் அளவுக்கு மேல் காட்டாது. எங்கள் தோட்டத்து வண்டியில் ஒரு கார்த்திகை மாதக் காலையில் அது 2.1 காட்டியது. அதாவது பேட்டரியிலிருந்து புறப்பட்ட 12 வோல்ட்டில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் அந்த ஒற்றைப் போல்ட்டிலேயே தொலைந்துகொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றினேன், வெளியே பளபளவென்று தெரிந்த அதற்குக் கீழே, ஒயர் முனையின் செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, சேஸிஸில் பெயிண்டுக்கு அடியில் துரு படர்ந்திருந்தது. இரண்டையும் தேய்த்து, வாஸ்லின் தடவி இறுக்கியதும் அளவு 0.1க்கு இறங்கியது. அதுவரை புதுப் பேட்டரி வாங்கும் எண்ணத்தில் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறத் தயாராக இருந்தேன்.

இதே சோதனையைப் பாசிடிவ் பக்கமும் செய்யலாம். சிவப்பு முனையைப் பேட்டரி பாசிடிவிலும் கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரில் ஒயர் முடியும் போல்ட்டிலும் வைத்துச் செல்ஃப் அழுத்தினால், ரிலேவின் உள்தகடுகள் கருகியிருந்தாலும் தெரிந்துவிடும். இங்கே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் முதலில் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் குறையாவிட்டால் ரிலேவை மாற்றுங்கள்.

இரு பக்கமும் சரியாக இருந்தும் மோட்டார் முக்கி முனகிச் சுற்றினால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கடற்கரை வண்டிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. அது வலுவான காந்தத்தில் ஒட்டும். அப்படி ஒரு வண்டியின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே காந்தங்களின்மேல் கருமணல் மை தீட்டியதுபோல ஒட்டியிருந்தது. ஊதினால் போகவில்லை, ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டியிருந்தது.

பேட்டரி தளர்ந்துபோய், உடனே வண்டி வேண்டுமென்றால் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுக்கலாம். ஆனால் காரின் இன்ஜினை அணைத்துவைத்துக் கொடுக்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் கியர் இல்லாத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் வியர்க்க வியர்க்கத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: பொறி

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்கின் முகத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை, அல்லது சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் அமைப்பு) போட்டு அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்கள். பத்து விநாடி செல்ஃப் அடித்த பிறகும் காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. அப்படியானால் ஐந்தாம் படிக்குப் போகலாம்.

பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக்கின் உலோக உடலை இன்ஜின் ஹெட்டில் அழுத்தி வைத்து, பிளக் துளையைத் துணியால் மூடிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் புகை வெளிவரும், பொறி அதில் பட்டால் தீப்பிடிக்கும், ஆகையால் பிளக்கைத் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். பிளக் இல்லாமல் தொப்பியை அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிக்கக் கூடாது; பொறிக்கான மின்சாரத்தை நேரம் பார்த்து விடும் சி.டி.ஐ. பெட்டியும், அதை உயர் வோல்ட்டாக்கும் காயிலும் கெட்டுவிடும். நிழலில் பார்த்தால் நீல நிறத்தில் சடசடவென்று பொறி தெரிய வேண்டும். மங்கலான மஞ்சள் பொறி வெளியே தெரிந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது அணைந்துபோகும்.

பொறி இல்லையென்றால் விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். இந்தச் சிறு இன்ஜின்களில் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்கும். அடுத்தது தொப்பி. அது ஒயரில் திருகாணிபோலத் திருகி நிற்கிறது. இடப்புறமாகத் திருகினால் கழன்று வரும். ஒயரின் நுனி கறுத்திருந்தால் அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மறுபடி திருகுங்கள். மழைநாளில் மட்டும் தொல்லை தரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த அரை சென்டிமீட்டரோடு சரியாகியிருக்கின்றன. இருட்டில் செல்ஃப் அடித்துப் பார்த்தால், வெடித்த ஒயரிலிருந்து இன்ஜினுக்கு நீலப் பொறி தாவுவதைக் கண்ணாலேயே காணலாம்.

அப்படியும் பொறி வராவிட்டால், நிறுத்தும் சுவிட்சின் ஒயரைத் தற்காலிகமாக விலக்கிப் பார்ப்பது நல்ல உத்தி. 110, 125 சி.சி. வண்டிகள் பலவற்றில் சி.டி.ஐ.க்குப் போகும் கறுப்பில் வெள்ளைக் கோடிட்ட ஒயர்தான் அது. அதை எர்த்தோடு சேர்த்தால் இன்ஜின் நின்றுவிடும் என்பது அமைப்பு. நிறங்கள் வண்டிக்கு வண்டி மாறும், வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒயரை விலக்கியதும் பொறி வந்தால் சி.டி.ஐ. நல்லது, கோளாறு சாவியிலோ சிவப்புப் பொத்தானிலோ பின் கயிற்றுச் சுவிட்சிலோ இருக்கிறது. சோதனை முடிந்ததும் ஒயரை மறக்காமல் திரும்ப மாட்டிவிடுங்கள். அது இல்லாமல் வண்டியைச் சாவியால் நிறுத்த முடியாது, பிள்ளைகள் ஓட்டும் வண்டியில் அது பெரிய ஆபத்து.

சி.டி.ஐ. இரண்டு வகைப்படும். ஒன்று, இன்ஜினோடு சுற்றும் மேக்னட் சக்கரத்துக்கு அருகிலுள்ள காயிலிலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பேட்டரியே இல்லாவிட்டாலும் கிக் அடித்தால் பொறி வரும். மற்றது பேட்டரியை நம்பியிருக்கும். இரண்டாவது வகையில், தளர்ந்த பேட்டரி செல்ஃபைச் சுற்றுவதற்கே எல்லா மின்சாரத்தையும் கொடுத்துவிட்டுப் பொறிக்கு மிச்சம் வைக்காது. செல்ஃபில் பிடிக்காத வண்டி கிக்கில் உடனே பிடித்தால், அல்லது செல்ஃப் பொத்தானிலிருந்து கையெடுக்கும் அந்தக் கணத்தில் ஒருமுறை இருமினால், மூன்றாம் படிக்குத் திரும்பிப்போய்ப் பேட்டரியைப் பாருங்கள்.

ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டிகளுக்கு எலியும் ஒரு காரணம். சீட்டுக்கு அடியில் ஒயர் கொத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பெட்ரோல்

இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. பாதி டேங்க் பெட்ரோலோடு பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரக்காற்றில் ஒரு மாதம் நிற்கும் வண்டியில், இரவு பகல் வெப்பமாற்றத்தால் டேங்கின் காலிப் பகுதியில் ஈரம் படிந்து, அது பெட்ரோலில் கலந்துகொண்டே இருக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் டேங்கின் அடியில்தான் இருக்கிறது என்பதால், இன்ஜினுக்கு முதலில் போய்ச் சேர்வது அந்த அடித்தண்ணீர்தான்.

இதைக் காண்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி பாட்டில். கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். அதிலிருந்து வரும் சிறு குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வடிந்ததை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர் உருண்டாலோ, கலங்கலாக ஒரு தனி அடுக்கு தெரிந்தாலோ, டேங்கை முழுவதும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கொஞ்சம் புதுப் பெட்ரோலைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பழைய பெட்ரோல் வார்னிஷ்போல வாடை வீசும், நிறமும் கருக்கும்.

வடிகாலைத் திறந்தே வைத்து, பெட்ரோல் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்து நின்றால் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் உடனே ஓட்டம் கூடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். வண்டி கால்மணி நேரம் நன்றாக ஓடி நின்றுவிட்டு, சற்று நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும் மர்மத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடியைத் திறந்தும் ஓட்டம் கூடவில்லையென்றால் பெட்ரோல் டேப், அதன் வலை, ஃபில்டர் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றிப் பாருங்கள். 150 சி.சி. பெல்ட் வண்டிகள் சிலவற்றில் இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தால் திறக்கும் டேப் இருக்கும். அதன் சிறு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு இறங்காது.

நல்ல பெட்ரோல் தடையில்லாமல் வந்தும், பிளக்கில் பொறி இருந்தும் வண்டி பிடிக்காவிட்டால், இப்போதுதான் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய நேரம். கழற்றுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பிளக் துளை வழியாக அரைக் கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் விட்டுப் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால், இரண்டு மூன்று விநாடி ஓடி அணையும். அப்படி ஓடினால் பொறியும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்றும் அழுத்தம்) சரி, குற்றவாளி கார்புரேட்டர் என்று உறுதியாகிறது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் மெதுவாக ஓட்டவும் பெட்ரோல் தருவது ஐடில் ஜெட் எனப்படும் சின்ன ஜெட். அதன் துளை ஏறக்குறைய 0.35 முதல் 0.4 மி.மீ. மட்டுமே, காய்ந்த பெட்ரோலின் ஒரு மெல்லிய படலமே அதை மூடிவிடப் போதும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். குண்டூசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு வண்டி எப்போதும் கரி கக்கும். நான் பயன்படுத்துவது தூண்டில் நரம்பு. குளச்சலில் மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் 0.25 மி.மீ. நரம்பு கிடைக்கும்; அது ஜெட்டைக் கீறாமல் அழுக்கைத் தள்ளும். அதன்பின் ஸ்ப்ரே அடித்து, டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதிவிட்டால் போதும்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே சுற்றுக்கு வெளியே எடுக்க வேண்டும். எண்ண மறந்துவிட்டால் ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்றுக்குள் வைத்துத் தொடங்கலாம். கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையின் ஊசி தேய்ந்தால் பெட்ரோல் வழிந்து, வண்டி எப்போதும் மூழ்கியே நிற்கும். ஊசியின் கூம்பான நுனியில் ஒரு வளையத் தழும்பு தெரிந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: சோக், காற்று

குளிர்ந்த வண்டிக்குச் சோக் வேண்டும், சூடான வண்டிக்குக் கூடாது. இதை மறந்து அடித்து மூழ்கடித்துவிட்டால், சோக்கை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுவதும் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். அதிகப்படிப் பெட்ரோல் வெளியேறிவிடும். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிடுங்கள்.

பெல்ட் வண்டிகளில் சோக் தானாக இயங்கும். குளிர்ந்திருக்கும்போது அதன் ஊசி உள்ளிழுத்து நின்று கூடுதல் பெட்ரோலுக்கு வழிவிடும். மின்சாரம் கிடைத்துச் சூடாகச் சூடாக ஊசி நீண்டு வழியை அடைக்கும். கழற்றி 12 வோல்ட் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஊசி நீள்வது தெரிய வேண்டும். நீளாமல் நின்றுவிட்டால் சூட்டிலும், நீண்டபடியே நின்றுவிட்டால் குளிரிலும் வண்டி முரண்டு பிடிக்கும்.

ஏர் ஃபில்டரின் நுரைப்பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலைத் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கம் ஓடும் வண்டிக்கு மற்ற இடங்களைவிட அடிக்கடி இது தேவைப்படும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கள்ளக்காற்று புகும். சைலன்சரின் வாயையும் ஒருமுறை பாருங்கள். சும்மா கிடக்கும் வண்டியின் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டுவது நம் ஊரில் புதிதில்லை. இன்ஜின் மூச்சு விடவே வழியிருக்காது.

ஏழாம் படி: கம்ப்ரஷனும் டேப்பெட்டும்

பொறியும் நல்ல பெட்ரோலும் காற்றும் இருந்தும் பிடிக்கவில்லையென்றால், மிச்சமிருப்பது இன்ஜினின் உள்பக்கம். கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து, ஊசி ஏறி நிற்கும்வரை செல்ஃப் அடியுங்கள். ஆரோக்கியமான சிறு இன்ஜின் பொதுவாக 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். 90க்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட் ஆவது கடினம். ஆனால் கம்ப்ரஷனைத் தளர்த்தும் அமைப்பு உள்ள இன்ஜின்கள் நல்ல நிலையிலும் குறைவாகவே காட்டும் என்பதால், உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு குறைவாக இருந்தால் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலைத் துளைக்குள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கசிவு.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்து, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி அறவே இல்லாமல் போனால் வால்வு முழுவதும் மூடாது. அந்த வண்டி குளிரில் ஒருவாறு பிடிக்கும்; சூடானதும் உலோகம் விரிந்து வால்வு இன்னும் திறந்து நிற்பதால், நிறுத்திவிட்டால் மறுபடி பிடிக்காது. இன்ஜின் இரவெல்லாம் குளிர்ந்த பின் காலையில் இதைப் பார்க்க வேண்டும். மேக்னட்டின் "டி" குறியை உடலிலுள்ள குறியோடு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடாவிட்டால் ஒரு சுற்று தவறி நிற்கிறீர்கள். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். 110, 125 சி.சி. கிடை இன்ஜின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.05 மி.மீ., 150 சி.சி. பெல்ட் இன்ஜின்களில் 0.1 மி.மீ. அளவில் இருக்கும். ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு நழுவினால் சரி.

சூட்டில் மட்டும் பிடிக்காத வண்டிக்கு டேப்பெட் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் காயிலும், பொறி வரவேண்டிய நேரத்தைச் சி.டி.ஐ.க்குச் சொல்லும் பல்சர் காயிலும். சூடு ஏறியதும் அவற்றின் உள்ளே கம்பி விலகி, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைப் பார்த்தால்தான் பிடிபடும். வீட்டுக்குத் தள்ளிவந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இன்ஜெக்ஷன் வண்டிகள்

பெரிய வண்டிகளில் சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகும் சத்தம் டேங்க் பக்கம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்பின் செருகி என்ற வரிசையில் பாருங்கள். வண்டி ஒருமுறை கவிழ்ந்திருந்தால் சாய்வுச் சென்சார் இன்ஜினைத் தடுத்து நிறுத்தியிருக்கும். நிமிர்த்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் பல வண்டிகளில் அது விட்டுக்கொடுக்கும். மீட்டரில் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் அந்தக் குறியீட்டைக் கையேட்டில் பாருங்கள். தளர்ந்த பேட்டரியால் பல சென்சார்களின் குறியீடுகள் ஒரே நேரத்தில் தோன்றுவதுண்டு, ஆகையால் எதையும் வாங்குவதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். இதற்குமேல் கருவி இல்லாமல் போவது வீண். பணிமனைக்குக் கொண்டுபோவதே மேல்.

கடல்நீரில் மூழ்கிய வண்டி

அலையில் சிக்கி இன்ஜின் அணைந்துவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்குமானால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியை மேட்டுக்கு இழுத்துவந்து, சாவியை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் டேப்பை மூடிப் பிளக்கைக் கழற்றி, கிக் அல்லது இழுகயிறு இருந்தால் அதனால் மெதுவாகச் சுற்றி உள்ளேயிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். இல்லாவிட்டால் மேக்னட் மூடியைத் திறந்து ஸ்பேனரால் சுற்றலாம். பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு இன்னும் சில சுற்று சுற்றினால் சுவர்களில் துரு பிடிக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். பெல்ட் வண்டியென்றால் பெல்ட் பெட்டியின் வடிகாலையும் திறக்க வேண்டும்.

அன்றைக்கே வண்டி முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒயர் செருகிகள் ஒவ்வொன்றையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி மாட்டுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு செம்பைத் தின்னத் தொடங்கிவிடும். இன்ஜின் ஆயிலின் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்து, விலை குறைந்த ஆயிலை ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்துவிடுங்கள். வடிந்த ஆயிலில் இன்னும் வெண்மை தெரிந்தால் அதே வேலையை இன்னொரு முறை செய்துவிட்டு, அதன் பிறகே நல்ல ஆயிலை ஊற்றுங்கள்.